பொய் யானை எது

என் கையில் நகை மாறாது என்று இருபத்தாறு வருடமாகப் பெருமை பேசித் திரிந்தவள் நான். ஜோத்பூர் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நகைக்கு நூல் கட்டும் பட்வா தாபுவிடம் கொடுத்தால் நூல்தான் மாறும், நகை மாறாது என்று. அந்தப் பேச்செல்லாம் போன செவ்வாய்க்கிழமை மதியத்தோடு முடிந்தது. அன்றைக்குப் பிடித்த குழப்பம் எனக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

நகையை ஆசாரி செய்வார். அதை உடம்பில் நிற்க வைப்பது எங்கள் பட்டு நூல். கால் பெருவிரலில் நூலை மாட்டி, முறுக்கி, முடிச்சுப் போட்டு, குஞ்சம் தொங்கவிட்டால்தான் பாஜுபந்த் என்கிற கைவங்கி முழங்கைக்கு மேலே நழுவாமல் உட்காரும். வருடக்கணக்கில் வேர்வை குடித்த நூல் இற்றுப்போகும். வீட்டில் கல்யாணம் என்றால் பழைய நூலை அறுத்துப் புது நூல் கட்ட என்னிடம் வந்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை சுக்னி வந்தாள். மண்டோர் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் மாலி வீட்டின் மூத்த மருமகள். மகன் பீம்ராஜுக்குப் புதன்கிழமை கல்யாணம். முந்தானையில் முடிந்திருந்த பாஜுபந்தை அவிழ்த்து என் மடியில் வைத்தாள். எனக்குத் தெரிந்த நகைதான். நடுவில் சிவப்புக்கல் பூ. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு யானை, தும்பிக்கைகள் பூவின் மேல் வந்து முட்டும். பின்பக்கம் பச்சை மீனாப் பூச்சு வேலையில் கிளிகள். இதன் ஜோடி, மயிரிழை வித்தியாசம் இல்லாமல், அவளுடைய ஓரகத்தி ருக்மாவிடம் இருந்தது. மாமியார் ஜம்கு உயிரோடு இருந்தபோதே குடும்பத்தைப் பாகம் பிரித்து, மருமகள்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள். அந்த இரண்டு மருமகள்களும் நேருக்கு நேர் பேசி இருபது வருடம் இருக்கும்.

"தாபு, ஒன்னு சொல்வேன். உன் காதோட போயிடணும்" என்றாள் சுக்னி.

"என் காது அடைச்சு ரெண்டு வருஷமாச்சு. தைரியமாச் சொல்லு."

"விளையாடாதடி." அவள் சந்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இது தங்கம் இல்ல. வெள்ளிக்கு முலாம் போட்டது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் போட்டிருந்த காலத்தில் இரண்டு மூன்று தடவை இதற்கு நூல் கட்டியிருக்கிறேன். ஒருமுறைகூடச் சந்தேகம் வந்ததில்லை.

"பஞ்ச வருஷத்துல மாமியா ஜோடில ஒன்னை வித்துட்டா. வெளியில தெரியாம இருக்க அதே மாதிரி முலாம்ல ஒன்னு செஞ்சு வச்சுட்டா. பாகம் பிரிச்சப்ப அது என் தலைல வந்து விழுந்துச்சு. அசல் ருக்மாகிட்ட இருக்கு. நாளன்னைக்குக் காலைல பொண்ணு வீட்டுக்குத் தட்டு போகுது. இந்த ஜோடியும் அதுல போகணும்."

தட்டு போவது என்றால் சும்மா இல்லை. மாப்பிள்ளை வீட்டு நகையையெல்லாம் பெண் வீட்டு முற்றத்தில் பரப்பி வைப்பார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். பெண்ணின் பெரியம்மா ஒருத்தி இருக்கிறாளாம், எந்த நகையையும் நகத்தால் கீறிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டாளாம். அங்கே இது முலாம் என்று தெரிந்தால் பீம்ராஜ் குதிரையில் ஏறுவதற்கு முன்னாலேயே சுக்னியின் மானம் சந்தி சிரித்துவிடும். அவர்கள் வீட்டில் ஒற்றைப் பாஜுபந்தை மணப்பெண்ணுக்கு வைக்கும் வழக்கம் இல்லை. அதனால்தான் ருக்மாவுடையதைக் கல்யாணத்துக்கு மட்டும் இரவல் கேட்டு ஆள் அனுப்பியிருந்தாள். இருபது வருடப் பகையில் அதைக் கேட்க அவள் எவ்வளவு எச்சிலை விழுங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"இதுக்கு மட்டும் பின்பக்கம் பட்டுத்துணி வச்சுத் தச்சிடு. ஓரத்தையெல்லாம் நூலால சுத்தி மூடிடு. ஒருத்தி நகமும் உள்ள போகக்கூடாது. அவளோடத அப்படியே விட்டுடு. அதைத்தான் முதல்ல எடுத்துக் காட்டச் சொல்வேன்" என்றாள்.

மதியம் ருக்மா வந்தாள். சுக்னி அழுதுகொண்டே பேசுகிறவள் என்றால் ருக்மா மிளகாய் கடித்துக்கொண்டே பேசுகிறவள்.

"கல்யாணம் முடிஞ்ச மறுநாள் இது என் வீட்டுக்கு வந்துடணும்னு அவகிட்டச் சொல்லிடு."

"நீயே சொல்லேன். நாலு வீடு தள்ளித்தான இருக்கா."

"என் வாய்க்கு வேற வேலை இருக்கு. அப்புறம் தாபு, நூல் மட்டும் மாத்து. மெருகு கிருகு போட்டுத் தேய்க்காத, சொல்லிட்டேன்."

அசல் வைத்திருக்கிறவளின் அலட்டல் என்று நினைத்துக்கொண்டேன். சுக்னி இருபது வருடம் இந்த ரகசியத்தை எப்படி மூடி வைத்திருந்தாள் என்ற யோசனையிலேயே கை வேலை செய்தது. அங்கேதான் கோட்டைவிட்டேன்.

ஒரே மாதிரி நகை இரண்டு வந்தால் அடையாள நூல் கட்டுவோம். மூத்தவளுக்குச் சிவப்பு, இளையவளுக்கு மஞ்சள். அதை நகையின் ஓரத்தில் இருக்கும் வளையத்தில் கட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் குழந்தைகூட அப்படித்தான் கட்டும். நான் அன்றைக்கு நகையின் பழைய கயிற்றில் கட்டியிருக்கிறேன். மறுநாள் காலை உட்கார்ந்து இரண்டு கயிற்றையும் சர் சர் என்று அறுத்தேன். அறுத்த கயிறு, அடையாள நூல், குஞ்சம் எல்லாவற்றையும் கூட்டிக் குப்பையில் தள்ளினேன். இரண்டு பாஜுபந்தையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டேன். போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன், மகராசி.

மதியம் ஒன்றரை மணிக்கு இரண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து வைத்தபோதுதான் விஷயம் உறைத்தது. நான்கு யானைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எது யாருடையது?

இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே அரக்கு அடைத்த நகை, எடையை வைத்து என்ன சொல்வது? பின்பக்கக் கிளிகளைப் பார்த்தேன். இதிலும் ஒரு கிளிக்கு மூக்குத் தேய்ந்திருந்தது, அதிலும் ஒரு கிளிக்கு மூக்குத் தேய்ந்திருந்தது. மாற்றித் தைத்துவிட்டால் அசலுக்குத் துணி போட்டு மூடி, முலாமை அந்தப் பெரியம்மாவின் நகத்துக்கு முன்னால் நானே நீட்டின மாதிரி ஆகும்.

பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன். அட முட்டாளே, ஒன்று தங்கம், ஒன்று முலாம். ஆசாரி உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் தெரிந்துபோகிறது, இதற்குப் போய் உயிரை விடுகிறாயே என்று. இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு எதிர்ச் சந்துக் கேவர் ஆசாரியிடம் ஓடினேன்.

கேவர் அண்ணன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டையும் கல்லில் உரசினார். திராவகம் ஒரு சொட்டு வைத்தார். குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் பொன்னு" என்றார்.

"எது பொன்னு?"

"ரெண்டும்னு சொல்றேன்ல. பழைய பொன்னு. ஒரே கை செஞ்சது."

"நல்லாப் பாருங்கண்ணே. ஒன்னு வெள்ளியா இருக்கணும்."

"இருக்கணுமா?" அவர் நிமிர்ந்தார். "நாப்பது வருஷமா கல்லு தேய்க்கறேன். முலாம்னு சொன்னா அழுற பொம்பளைகளப் பாத்திருக்கேன். பொன்னுன்னு சொன்னதுக்கு மூஞ்சி செத்துப்போற பொம்பள நீ ஒருத்திதான்."

"மேல மட்டும் கனமா முலாம் இருந்தா?"

அவர் பெருமூச்சு விட்டு, உள் ஓரத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஊசியால் ஆழமாக ஒரு கோடு போட்டார். இரண்டிலும் போட்டார். உள்ளேயும் மஞ்சள்தான் மின்னியது.

"போதுமா? இல்ல, அறுத்து ரெண்டாக்கிக் காட்டவா?"

போதும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் வந்தது ஒரு தங்கம், ஒரு முலாம். என்னிடம் இருப்பது இரண்டு தங்கம். முலாம் எங்கே போயிற்று? யாராவது திருடினால் தங்கத்தை எடுத்து முலாமை வைப்பார்கள். என் கடையில் மட்டும் முலாமை எடுத்துவிட்டுத் தங்கத்தை வைத்துவிட்டுப் போகிற புண்ணியவான் எவன்? அல்லது சுக்னி என்னிடம் பொய் சொன்னாளா? தன் நகை பொய் என்று எந்தப் பெண்ணாவது பொய் சொல்வாளா? கேவர் அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டதா? ஒவ்வொன்றாக யோசித்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. உன்னுடையது தங்கம்தான் என்று சுக்னியிடம் சொன்னால், ருக்மாவுடையதை எடுத்து என் தலையில் கட்டுகிறாயா என்பாள். ருக்மாவிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

தெரியாதபோது உண்மையைச் சொல்லிவிடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. இரண்டு பேருக்கும் போன் போட்டேன். நான்கு மணிக்கு நேரில் வா, அவசரம் என்றேன். மற்றவளும் வருகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்ததும் வாசலிலேயே நின்றார்கள். என் கடை அகலமே நான்கு முழம். அதில் ஆளுக்கொரு மூலையாக, சுவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். ருக்மா கூரையைப் பார்த்தாள், சுக்னி தரையைப் பார்த்தாள். நான் நடுவில் சிவப்புத் துணியை விரித்து இரண்டு பாஜுபந்தையும் வைத்தேன்.

"தப்பு என்னோடது. அடையாள நூலைக் கயித்துல கட்டி அறுத்துட்டேன். எது யாரோடதுன்னு எனக்குத் தெரியல. உங்க பொருள் உங்களுக்குத் தெரியும். எடுத்துக்கங்க."

அசலை எடுக்க ருக்மாவின் கை பாயும் என்று எதிர்பார்த்தேன். பாயவில்லை. சுக்னியும் அசையவில்லை. இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துப்போயிருந்தது. சுக்னி பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

கடைசியில் அவள்தான் வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்து, ஓரகத்திக்காக.

"நல்லத அவகிட்டக் கொடுத்துடு, தாபு. எது நல்லதோ அது அவளோடது."

ருக்மா சடாரென்று திரும்பினாள். "என்னது?"

"ஒன்னும் இல்ல. நல்லது உன்னோடது, எடுத்துக்க."

"குத்திக் காட்டறியா? மகன் கல்யாணத்துல வச்சு என்னக் குத்திக் காட்டறியா? நல்லது உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதா? மாமியா உன் கையில அசலையும் என் கையில முலாமையும் வச்சா. இருபது வருஷமா நான் யார்கிட்டயாவது வாயத் திறந்திருப்பேனா?"

எனக்கு அந்த நொடியில் பாதி புரிந்து பாதி புரியவில்லை.

"உன்னோடது முலாம்னு உனக்கு யாரு சொன்னது?" என்றாள் சுக்னி. இருபது வருடத்தில் ஓரகத்தியிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"மாமியாதான். பாகம் பிரிச்ச வாரமே. 'மூத்தவ கிட்ட இதக் கொடுத்தா வீட்ட ரெண்டாக்கிடுவா. உனக்குத்தான் பொறுக்கிற மனசு. வெளியில விட்டுடாத'ன்னு தலைலகூட கை வச்சா."

"என்கிட்ட 'சின்னவ தெரு முழுக்கச் சொல்லிடுவா, உனக்குத்தான் பொறுக்கிற மனசு'ன்னா" என்றாள் சுக்னி மெதுவாக.

நான் குறுக்கே புகுந்தேன். கேவர் ஆசாரியிடம் போனதைச் சொன்னேன், உரைகல், திராவகம், ஊசிக் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். தலையோடு தலை முட்டிக்கொண்டது.

ருக்மாதான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி சுக்னி, ஒரு கல்யாணத்துக்காவது நீ இதப் போட்டுப் பாத்திருக்கேனா? இவகிட்ட இவ்வளவு தங்கம் இருக்கு, போட்டுக் காட்டக்கூட வேண்டியதில்லங்கிற திமிருன்னு நினைச்சேன்!"

"நீயும்தான் போடல. நானும் அதையேதான் நினைச்சேன்."

"வித்துடக்கூடாதுன்னு பண்ணியிருக்கா கிழவி. பொய்யின்னு நினைச்சா எவ ஆசாரி கடைக்கு எடுத்துட்டுப் போவா? எங்க வீட்டுக்காரரு டிராக்டர் வாங்கணும், இதக் கொடுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. கொடுக்க முடியுமா? மானம் போயிடுமே. இன்னைக்கு வரைக்கும் என்னக் கஞ்சப் பிசினாறின்னுதான் கூப்பிடறாரு. பொம்பளன்னா அவ பொம்பள! செத்தும் ரெண்டு நகையையும் காப்பாத்திட்டா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பெரிய பாரம் இறங்கியது. என் தப்பு தப்பே இல்லை, இரண்டும் தங்கம், பெரியம்மா வேண்டிய மட்டும் கீறிப் பார்க்கட்டும். எந்த மாமியார் இவ்வளவு யோசிப்பாள் என்று ஜம்குவை மனதுக்குள் மெச்சிக்கொண்டுகூட இருந்தேன். அப்போதுதான் சுக்னியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த வருஷமும் இது தங்கமாத்தான இருந்துச்சு?" என்றாள்.

"எந்த வருஷம்?"

"மைனாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்ச வருஷம்."

மைனா அவளுடைய மூத்த மகள். பதினான்கு வருடம் ஆகிறது. அவர்கள் தெருவிலேயே பெண் பிள்ளைகளில் முதல் ஆளாகப் பன்னிரண்டாவது முடித்தவள். இடம் கிடைத்தும் படிக்கப் போகவில்லை, அடுத்த தை மாதம் நாகௌரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தெரியும்.

"சேரக் கட்டவேண்டிய பணம் இல்ல. அந்த வருஷம் கிணறும் வத்திப்போச்சு. வீட்டுல விக்கிற மாதிரி வேற எதுவும் இல்ல. இது டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. அவ ராத்திரி பகலா அழுதா. தாங்க முடியாம அவகிட்ட மட்டும் சொன்னேன். இது முலாம்டி, தங்கமா இருந்தா உன்னவிடவா எனக்குப் பெருசுன்னு. அதக் கேட்டதும் அழுகையை நிறுத்திட்டா. என் கண்ணத் தொடச்சுவிட்டா. அப்புறம் படிப்புன்னு ஒரு வார்த்த பேசல."

ருக்மாவின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"கிழவி அப்ப உயிரோடதான இருந்தா. கட்டில்ல உக்காந்து பட்டாணி உரிச்சிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான இருந்தா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, ருக்மா. ஒரே ஒரு வார்த்த."

ருக்மா தன் மூலையிலிருந்து நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜம்குவை மெச்சியதற்காக எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அதே சமயம் அவள் வைக்காவிட்டால் நாளைக்குத் தட்டில் வைக்க இந்த யானைகள் இருந்திருக்குமா என்றும் தோன்றியது. யாரைத் திட்டுவது, எதற்காகச் சந்தோஷப்படுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்த மைனாதான், அம்மாவைத் தேடி ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். ஒரு கையில் மருதாணி பாதி காய்ந்திருந்தது.

"அம்மா, பாட்டுப் பாடப் பொம்பளைங்க எல்லாரும் வந்து உக்காந்தாச்சு, நீ இங்க என்ன பண்ணிட்டு..." என்று தொடங்கியவள், அம்மாவையும் சித்தியையும் ஒரே பாயில் பார்த்து அப்படியே நின்றாள். "என்ன சித்தி, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சது இன்னைக்கு?"

சுக்னி துணியிலிருந்து ஒரு பாஜுபந்தை எடுத்தாள். எது யாருடையது என்று அவள் பார்க்கவே இல்லை. மகளின் மருதாணி படாத கையைப் பிடித்து இழுத்து அதை உள்ளங்கையில் வைத்தாள்.

"மைனா, இது தங்கம்டி."

மைனா எங்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். சித்தி முன்னால் அம்மா கௌரவத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். குனிந்து, அம்மாவின் காதோடு சொன்னாள். கடை சின்னது, எனக்கும் கேட்டது.

"சும்மா இரும்மா. தங்கமா இருந்திருந்தா அன்னைக்கே எனக்காக நீ வித்திருக்க மாட்டியா?"

சுக்னி நகையைத் திருப்பி அந்த ஊசிக் கோட்டைக் காட்டினாள். மைனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.